சிபி உள்ள ஆறு வயது மகளை பாலே வகுப்பில் சேர்க்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஆறு வயது. இடது பக்க ஹெமிப்ளீஜியா, அதாவது உடம்பின் ஒரு பாதியை மட்டும் பாதித்த பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, சுருக்கமாக சிபி). நடக்கிறாள், ஓடுகிறாள், இடது காலில் கணுக்காலைத் தாங்கும் ஸ்ப்ளின்ட் போடுகிறாள். பள்ளித் தோழி சனிக்கிழமை பாலே வகுப்புக்குப் போகிறாள் என்று இவளும் அடம் பிடிக்கிறாள். ஏற்கெனவே குதிகால் தரையில் படாமல் நடக்கிற பிள்ளைக்கு நுனிக்காலில் நிற்கச் சொல்லிக்கொடுத்தால் கால் இன்னும் இறுகிவிடுமோ என்று உங்கள் கணவர் பயப்படுகிறார். மாமியார் "நாலு பேர் பார்க்க மேடையேத்தணுமா, ஆடணும்னா பரதநாட்டியம் கத்துக்கட்டுமே" என்கிறார். பாலே அவளுக்கு நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் பதில் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு வரியில் என்றால், சேருங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் கவலை காலோடு நிற்கவில்லை என்று தோன்றுகிறது. ஒரே மாதிரி உடுப்பில் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகக் கையைத் தூக்கும்போது, தன் கை மட்டும் பாதியில் நிற்பதை அவள் கண்ணாடியில் பார்ப்பாளே, அதை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? கால் பற்றிய கேள்விக்கு என் தொழிலை வைத்துப் பதில் சொல்ல முடியும். மற்றதற்கு ஒரு அம்மாவாகத்தான் பேச முடியும்.

நான் லண்டனில் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். வேலை பார்ப்பது பெரும்பாலும் வீடுகளிலும் பள்ளிகளிலும். என் மகளுக்கும் ஹெமிப்ளீஜியா, வலது பக்கம். ஐந்து வயதில் பாலேயில் சேர்ந்து பன்னிரண்டு வயதில் தானாகவே நிறுத்திக்கொண்டாள். உங்கள் மகளின் கணுக்காலை நான் தொட்டுப் பார்த்ததில்லை. அதனால் அவளைப் பார்க்கிற பிசியோவின் சொல்லுக்கும் என் சொல்லுக்கும் முரண்பாடு வந்தால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கணவரின் பயத்திலிருந்து தொடங்குகிறேன். அதை லேசாக ஒதுக்கித் தள்ள முடியாது. சிபியில் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடிக்கொண்டே போவதில்லை. ஆனால் அதனால் தசையிலும் எலும்பிலும் வரும் விளைவுகள் பிள்ளை வளர வளர மாறும். எலும்பு நீளும் வேகத்துக்கு இறுக்கமான தசையால் ஈடுகொடுக்க முடிவதில்லை. போன வருஷம் நன்றாகத் தரையில் பதிந்த குதிகால், மளமளவென்று உயரம் போட்ட ஒரு கோடைக்குப் பிறகு பதிய மறுப்பது அதனால்தான். ஹெமிப்ளீஜியாவில் இது முதலில் தெரிவது கெண்டைக்கால் தசையில்.

இறுகிய தசை என்றால் பலமான தசை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவளுடைய இடது கெண்டைக்கால் இறுக்கமாகவும் இருக்கும், பலவீனமாகவும் இருக்கும். இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், நீங்களே பார்க்கலாம். இறுக்கமுள்ள தசைக்குப் பலப்பயிற்சி கொடுத்தால் இறுக்கம் கூடிவிடும் என்று ஒரு காலத்தில் எங்கள் தொழிலிலேயே பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1990களில் அமெரிக்காவில் டயான் டாமியானோ போன்ற ஆய்வாளர்கள் சிபி உள்ள பிள்ளைகளுக்குப் பலப்பயிற்சி கொடுத்து அளந்து பார்த்தார்கள். பலம் கூடியது. இறுக்கம் கூடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பழைய பாடம் மெல்ல மறைந்துவிட்டது. அதனால் பாலேயில் ரெலவே என்று சொல்கிற, நுனிக்காலுக்கு எழும்பும் அசைவைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அதை எப்படிச் செய்கிறாள் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டு காலிலும் எழும்பும்போது வலது கால் முழு வேலையையும் செய்துவிடும், இடது கால் சும்மா கூடவே போய்வரும். பார் என்கிற சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாரம் இரண்டு காலிலும் சமமாக இருக்கிறதா என்று ஆசிரியை பார்த்துச் சரிசெய்தால் அந்த அசைவுக்குப் பலன் உண்டு. இன்னொன்று, எழும்புவதைவிட இறங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. குதிகாலைப் பொத்தென்று போடாமல் நாலு எண்ணிக்கையில் மெதுவாகக் கீழே கொண்டுவந்தால் தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது. அவளுக்கு வேண்டியதும் அதுதான். பாலே ஆசிரியர்கள் எல்லாப் பிள்ளைகளிடமும் இதைக் கேட்பார்கள், உங்கள் மகளுக்காகத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

பிளியே என்கிற, முழங்காலை மடக்கி இறங்கும் அசைவைப் பற்றி எதிர்ப்பக்கம் ஒரு மிகையான நம்பிக்கை இருக்கிறது. குதிகால் தரையில், முழங்கால் மடங்கி, கணுக்கால் நன்றாக வளைவதால் இதுவே ஸ்ட்ரெச் ஆகிவிடும் என்று சில பெற்றோர் வீட்டுப் பயிற்சியையும் ஸ்ப்ளின்ட்டையும் குறைத்துவிடுகிறார்கள். கெண்டைக்காலில் இரண்டு தசைகள் இருக்கின்றன. மேலே இருக்கிற பெரிய தசை முழங்காலையும் தாண்டிப் போய் ஒட்டியிருக்கிறது. முழங்கால் மடங்கியதும் அது தளர்ந்துவிடும், அடியில் இருக்கும் தசை மட்டும்தான் இழுபடும். ஹெமிப்ளீஜியாவில் அதிகம் தொல்லை கொடுப்பது அந்த மேல் தசைதான். ஆக பிளியே நல்ல பயிற்சிதான், ஆனால் ஸ்ப்ளின்ட் செய்யும் வேலையை அது செய்யாது.

கணக்குப் போட்டாலே பாதிப் பயம் தீர்ந்துவிடும். வாரத்தில் 168 மணி நேரம். பாலே வகுப்பு அதில் முக்கால் மணி நேரம். தசையின் நீளத்தைத் தீர்மானிப்பது மீதி நேரத்தில் அவள் எப்படி நிற்கிறாள், நடக்கிறாள், ஸ்ப்ளின்ட் எவ்வளவு நேரம் போடுகிறாள், எவ்வளவு வேகமாக வளர்கிறாள் என்பவைதான். அந்த முக்கால் மணி நேரம் காலைக் கெடுத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன், குணப்படுத்திவிடும் என்றும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் பிரிட்டனில் இருப்பதால் இன்னும் உறுதியான ஒரு வழி இருக்கிறது. சிபிஐபி என்ற முறையில் சிபி பிள்ளைகளின் மூட்டுகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து பதிவு செய்கிறார்கள். கணுக்காலை முழங்கால் நீட்டிய நிலையில் ஒன்று, மடக்கிய நிலையில் ஒன்று என்று தனித்தனியாக அளப்பார்கள். பாலே தொடங்குவதற்கு முன் அந்த இரண்டு எண்களையும் பிசியோவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு என் வார்த்தையை விட அந்த எண்கள் பேசும். எண் குறைந்திருந்தால் பாலேயைக் குற்றம் சொல்வதற்கு முன் உயரத்தையும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

கெண்டைக்காலைவிட என்னைக் கவலைப்படுத்துவது டர்ன்அவுட். பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும் அந்த நிலைதான் பாலேயின் அஸ்திவாரம். பிரான்சில் பதினான்காம் லூயி 1661இல் நடனத்துக்கென்று அகாதெமி தொடங்கிய காலத்திலிருந்து, பாதங்களின் ஐந்து நிலைகள் முறையாக வகுக்கப்பட்ட நாளிலிருந்து, எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். சிபி உள்ள பல பிள்ளைகளுக்குத் தொடை எலும்பே உள்பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கும். இடுப்பில் இடம் இல்லாதபோது பிள்ளை என்ன செய்யும்? பாதத்தை மட்டும் வெளியே திருப்பிக்கொள்ளும். முழங்கால் முறுக்கிக்கொள்ளும், உள்ளங்கால் வளைவு சரிந்து பாதம் உள்ளே சாயும். பார்க்க முதல் நிலை மாதிரி இருக்கும், ஆனால் முழங்காலுக்கு அது கேடு. இடுப்பு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு திருப்பினால் போதும், வேண்டுமானால் பாதங்கள் நேராகவே இருக்கட்டும் என்று ஆசிரியையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இடது பக்கம் வலது பக்கத்தை விடக் குறைவாகத் திரும்பும். அது தப்பில்லை. இரண்டையும் சமமாகக் காட்டச் சொல்வதுதான் தப்பு.

மாமியார் சொல்கிற பரதநாட்டியத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அரைமண்டியும் இதே இடுப்பைத்தான் கேட்கிறது, கூடவே முழங்காலை மடக்கி நெடுநேரம் நிற்கச் சொல்கிறது. தட்டடவில் முழுப் பாதத்தையும் தரையில் ஓங்கித் தட்ட வேண்டும், வெறுங்காலோடு, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாமல். முதல் வருஷத்தில் அவளுக்கு பாலேயை விட அது கஷ்டமாக இருக்க வாய்ப்பு உண்டு. இடது கையால் முத்திரை பிடிப்பது தனிப் பாடு. இதனாலெல்லாம் பரதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கேட்டால் அதற்கும் அனுப்புங்கள். ஆனால் அவள் கேட்டது தோழி போகிற வகுப்பை. "நம்ம கலை" என்பதற்காக ஒன்றை மாற்றி இன்னொன்றைக் கையில் கொடுத்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

சொந்தக்காரர்கள் யாராவது பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் கதையை எடுக்காமல் இருக்க மாட்டார்கள். 1981இல் விபத்தில் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால் பொருத்தி, மறுபடி மேடையேறியவர். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் உங்கள் மகளுக்கு அந்தக் கதை பொருந்தாது. அவர் ஆடத் தெரிந்த உடம்போடு இருந்து காலை இழந்தவர். அடவுகள் எல்லாம் மூளையில் பதிந்திருந்தன. உங்கள் மகளுக்குக் கால் இருக்கிறது, அதற்குக் கட்டளை அனுப்பும் பாதையில்தான் பழுது. "மனசு வச்சா முடியும்" என்ற பாடத்தை அவள் தலையில் ஏற்றினால், முடியாத நாளில் மனசு வைக்கவில்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வாள்.

அந்தப் பழுது வகுப்பில் எப்படி வெளிப்படும் என்பதை ஆசிரியைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அது சோம்பேறித்தனம் போலவே தெரியும். ஒரு மூட்டை மட்டும் தனியாக அசைப்பது சிபியில் கஷ்டம். இடுப்பும் முழங்காலும் மடங்கும்போது அவளுடைய பாதம் தானாக மேலே தூக்கும். முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் தூக்கச் சொன்னால் வராது. டாந்து என்று சொல்லி, காலை நீட்டி விரல் நுனியைத் தரையில் தேய்த்துக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிற சாதாரண பயிற்சி இருக்கிறதே, குதிப்பதை விட அவளுக்கு அது கஷ்டம். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு நேர்மாறு. அழகாகக் குதிக்கிற பிள்ளை இந்தச் சின்ன விஷயத்தைச் செய்ய மாட்டேன் என்கிறாளே என்று ஆசிரியைக்கு எரிச்சல் வரும். காரணம் தெரிந்தால் வராது.

கையிலும் இதே கதைதான். மனசை ஒருமுகப்படுத்திக் காலில் ஏதாவது கஷ்டமானதைச் செய்யும்போது இடது முழங்கை மடங்கி, முஷ்டி இறுகி, கை மார்பை நோக்கி வரும். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. "கையைத் தளர்த்து" என்று சொல்லச் சொல்ல இன்னும் இறுகும், ஏனென்றால் தளர்த்துவதற்கும் அவள் முயற்சிதான் செய்கிறாள். கையைப் பற்றிப் பேசாமல் "தண்ணிக்கு மேலே கையை மிதக்க விடு" என்கிற மாதிரி வெளியே ஒன்றைக் காட்டினால் பல நேரம் வேலை செய்யும். நல்ல பாலே ஆசிரியர்கள் இப்படித்தான் பேசுவார்கள். பல வருஷம் பிசியோவாக இருந்தும் என் மகளுடைய ஆசிரியையிடம்தான் சில வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு வேலையில் பயன்படுத்துகிறேன்.

பாலே சிபிக்கு ஒரு சிகிச்சை என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருந்தீர்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் தலைப்புகள் சொல்லும் அளவுக்கு இல்லை. சிகாகோவில் சித்லாலி லோபஸ்-ஓர்த்திஸ் என்ற ஆய்வாளர் சிபி பிள்ளைகளுக்கென்றே பாலே வகுப்புகளை வடிவமைத்து ஆராய்ந்திருக்கிறார். நியூயார்க் சிட்டி பாலே, சிபி உள்ள ஒரு பிள்ளையின் அம்மா எழுதிக் கேட்டதைத் தொடர்ந்து 2014இல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டறைகள் தொடங்கியது. எலும்பு மருத்துவர் ஜோசப் டட்கவ்ஸ்கியும் கூட இருந்தார். பாஸ்டன் பாலே 2002லிருந்தே டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறது. இவற்றில் பிள்ளைகளுக்குச் சமநிலையும் தன்னம்பிக்கையும் மேம்பட்டதாகச் சொல்லப்படுவதை நான் நம்புகிறேன். ஆனால் ஆய்வுகளில் பங்கெடுத்த பிள்ளைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு, பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு கிடையாது, அந்த வகுப்புகளில் பிசியோக்களும் உதவியாளர்களும் நிறைய இருந்தார்கள். உங்கள் ஊர் சர்ச் ஹாலில் ஒரே ஆசிரியை நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு அந்த முடிவுகளை அப்படியே கொண்டுவர முடியாது. எங்கள் துறையில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: பிள்ளை தானே விரும்பித் தேர்ந்தெடுத்த ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது பலன் தரும். யாரோ காலைப் பிடித்து இழுத்துவிடுவதில் மட்டும் நீடித்த பலன் கிடைப்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை.

அதற்காக பாலேயை இன்னொரு பிசியோ நேரமாக மாற்றிவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகளின் வாரத்தைப் பாருங்கள். பிசியோ, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி), ஸ்ப்ளின்ட் அளவு எடுக்க, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, எக்ஸ்ரே. அவர்கள் செய்யும் எல்லாவற்றுக்கும் ஒரு மருத்துவக் காரணம் இருக்கிறது. நீச்சல் கூட "முதுகுக்கு நல்லது", சைக்கிள் கூட "காலுக்கு நல்லது". காரணமே இல்லாமல் ஒரு பிள்ளை எதையாவது செய்ய வேண்டாமா? கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ரோசன்பாமும் யான் வில்லம் கோர்ட்டரும் 2012இல் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் மிகப் பிரபலம். பிள்ளையின் வாழ்க்கையில் செயல்பாடு, உடல்திறன் என்பவற்றோடு குடும்பத்தையும் நட்பையும் சந்தோஷத்தையும் எதிர்காலத்தையும் ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். உங்கள் மகள் கேட்பது தோழியின் பக்கத்தில் நிற்பதை. அதுவே போதுமான காரணம்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். வகுப்பு நல்லதா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். ஆசிரியை உங்கள் மகளைத் திருத்துகிறாரா? பாலே வகுப்பு என்பதே திருத்தம்தான். தோளை இறக்கு, முட்டியை நீட்டு, தலையைத் திருப்பு என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆசிரியை சொல்லிக்கொண்டே போவார். சிபி பிள்ளை முன்னால் வந்ததும் குரல் மாறி "சூப்பர் டார்லிங்" என்று தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனால், அவர் இவளைத் தன் மாணவியாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கெட்ட மனசு ஒன்றும் இல்லை, பயம்தான். எதைச் சொன்னால் வலிக்கும், எதைக் கேட்டால் தவறாகிவிடும் என்று தெரியாது. ஆனால் ஏழு எட்டு வயதில் பிள்ளைகளுக்கு இது துல்லியமாகத் தெரிந்துவிடும். என் மகள் சேர்ந்த முதல் பள்ளியில் இப்படித்தான் இருந்தது. அவள் ஒருநாள் வீட்டுக்கு வந்து "மிஸ் என்கிட்ட மட்டும் எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றாள். வேறு பள்ளிக்கு மாற்றினோம். புது ஆசிரியை முதல் நாளே, "உன் வலது கையை முழுக்க நீட்ட முடியாதுன்னு எனக்குத் தெரியும், ஆனா உன் கண்ணு அந்தக் கையைப் பார்க்கலாம் இல்லையா, ஏன் தரையைப் பார்க்கிறே?" என்று கேட்டார். அன்று காரில் வரும் வழியெல்லாம் அவளுக்கு அதே பேச்சு.

எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக்கூடாது என்ற கோடு ஆசிரியைக்குத் தானாகத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நீங்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: இடது குதிகால் இந்த அளவுக்கு மேல் போகாது, இடது கை கஷ்டமான வேலையில் மடங்கும், டர்ன்அவுட்டைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அதோடு இதையும் எழுதுங்கள்: தாளம், தலை, பார்வை, வலது பக்கம், வரிசையை நினைவில் வைப்பது, இதிலெல்லாம் மற்ற பிள்ளைகளுக்கு விடாத எதையும் இவளுக்கும் விட வேண்டாம்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி தனியார் நடனப் பள்ளியும் ஒரு சேவை. நியாயமான மாற்றங்களைச் செய்து தர அதற்குக் கடமை உண்டு, அதற்கான செலவை உங்களிடம் வசூலிக்கவும் முடியாது. எது நியாயம் என்பது பள்ளியின் அளவையும் வசதியையும் பொறுத்தது, ஆகவே தனி உதவியாளர் வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஸ்ப்ளின்ட் மேல் வேறு காலணி போட அனுமதிப்பது, கம்பிக்குப் பக்கத்தில் இடம் கொடுப்பது போன்றவற்றை மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது. 1920இல் தொடங்கப்பட்ட ராயல் அகாதெமி ஆஃப் டான்ஸின் தேர்வுகளிலும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஏற்பாடுகள் கேட்டு முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் கிரேடு என்ற சொல் காதில் விழுந்தாலே போட்டி தொடங்கிவிடும்.

சிபி பிள்ளைகளுக்கென்றே இருக்கும் தனி வகுப்பா, எல்லாரும் இருக்கும் வகுப்பா என்று கேட்டால், அவளுடைய நிலையில் தோழி இருக்கும் வகுப்புதான் என் தேர்வு. இரண்டும் கிடைத்தால் சில வருஷம் கழித்துத் தனி வகுப்பையும் ஒருமுறை பார்க்க வையுங்கள். தன்னைப் போலவே கை மடங்கும் இன்னொரு பிள்ளையைப் பார்ப்பதில் கிடைக்கும் ஒன்றை நாம் யாரும் கொடுக்க முடியாது.

நடைமுறையில் சில விஷயங்கள். ஹெமிப்ளீஜியாவில் பாதிக்கப்பட்ட கால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டையாக இருப்பது சகஜம். அவள் ஷூவுக்குள் உயரம் கொடுத்திருந்தால் தட்டையான பாலே காலணியில் அது இல்லாமல் போகும், இடுப்பு ஒரு பக்கம் சாயும். ஸ்ப்ளின்ட்டை வகுப்பில் கழற்றலாமா என்பதை அதைச் செய்துதரும் ஆர்த்தோட்டிஸ்ட்டிடம் கேளுங்கள். நான் பார்க்கும் பிள்ளைகளில் பலர் கம்பியில் செய்யும் பகுதிக்குக் கழற்றிவிட்டு, நடுவில் ஓடிக் குதிக்கும் பகுதிக்குப் போட்டுக்கொள்கிறார்கள். போட்டாக்ஸ் ஊசி போட்ட முதல் வாரங்களில் கெண்டைக்கால் சோர்ந்திருக்கும், ரெலவே வராது. ஆசிரியைக்குத் தெரிவித்துவிடுங்கள். சிபி பிள்ளைகளுக்கு நடப்பதற்கே மற்றவர்களைவிட அதிகச் சக்தி செலவாகிறது, அதனால் வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்த பிறகு இருக்கும் வகுப்பை விடச் சனிக்கிழமை காலை வகுப்பு எவ்வளவோ மேல். லியோடார்ட் என்கிற உடம்போடு ஒட்டிய பாலே உடுப்பைப் போடும்போது இடது கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். தோழிகளோடு உடை மாற்றும் அறையில் தானே செய்துகொள்ள அவள் ஆசைப்படுவாள், ஆகவே வீட்டில் முன்கூட்டிப் பழக்குங்கள். கொண்டை மட்டும் உங்கள் வேலை. ஒற்றைக் கையால் கொண்டை போடச் சொல்வது யாருக்கும் அநியாயம்.

வகுப்பு முடிந்து மறுநாளும் நொண்டல் கூடுதலாக இருந்தால், முழங்காலின் உள்பக்கம் வலி என்றால், தொடை மடிப்பில் வலி என்றால் பொறுத்துப் பார்க்காமல் பிசியோவிடம் காட்டுங்கள். சிபியில் இடுப்பு மூட்டு மெல்ல விலகும் அபாயம் உண்டு. நடக்கும் ஹெமிப்ளீஜியா பிள்ளைகளில் அது குறைவு, அறவே இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். முனைக் காலணி போட்டு விரல் நுனியில் ஆடும் கட்டம் எந்தப் பிள்ளைக்கும் பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன் வராது. இடது பக்கத்தில் இறுக்கம் இருக்கும்வரை நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். இது என் தனிப்பட்ட கறார், இதில் மாறுபடும் பிசியோக்களும் இருப்பார்கள்.

இனி மேடை. வருஷக் கடைசியில் நிகழ்ச்சி வரும். அவளை எங்கே நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரு மாதம் முன்பே கேளுங்கள். பின்வரிசை மூலையா, எல்லாரும் ஆட நடுவில் பூவாக உட்கார வைப்பதா, இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். உயரத்தின்படி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும். இன்னொரு தொல்லையும் உண்டு, அவளுக்கு மட்டும் கூடுதலாகக் கைதட்டுவார்கள். அன்போடுதான் தட்டுகிறார்கள். ஆனால் ஒன்பது வயதில் என் மகளுக்கு அது பிடிக்கவில்லை, "நான் அந்த டர்ன்ல தப்பு பண்ணினேன், எதுக்குக் கைதட்டினாங்க?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நீங்களாவது கைதட்டும் அளவை மற்ற பிள்ளைகளுக்குத் தட்டும் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கண்ணீரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த உடம்போடு ஆடுகிறவர்களைக் காட்டலாமா என்றால், தாராளமாக. செலஸ்ட் டான்டெக்கர் 1973இல் மேடையில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர், பிறகு 1991இல் ஆடம் பெஞ்சமினோடு சேர்ந்து காண்டோகோ என்ற நடனக் குழுவைத் தொடங்கினார். ராயல் பாலே பள்ளியில் படித்த ஜோ பவல்-மெய்ன் வேல்ஸின் பாலே கம்ரி குழுவோடு சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் ஆடியவர். இவர்களை "பார், எப்படிச் சாதித்திருக்கிறார்கள்" என்ற முன்னுரையோடு காட்டாதீர்கள். மற்ற பாலே வீடியோக்கள் ஓடும்போது நடுவில் இவையும் ஓடட்டும். என் மகள் ஜோவைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, அந்தச் சக்கரம் எப்படி அவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதுதான்.

மாமியாரின் "நாலு பேர் பார்க்க" என்பதை வெறும் வெட்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேத்தியை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்ற பதற்றம் அதில் பாதி. அவரை வகுப்புக்கு அழைத்துப்போய் வெளியே உட்கார வையுங்கள், சொல்லி மாற்றுவதை விட அது எளிது. நீங்களும் முதல் சில வாரம் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்காமல் இருக்க முடிந்தால் நல்லது. எந்த அசைவில் நம் முகம் வாடுகிறது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேதான் ஆடுவார்கள்.

நிறுத்த வேண்டும் என்று அவள் சொல்லும் நாளும் வரலாம். கால் முடியாமல் நிறுத்துகிறாளா, சலித்துப்போய் நிறுத்துகிறாளா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது என்றால் வகுப்பில் எதையாவது மாற்றிப் பார்க்கலாம். என் மகளுக்கு இரண்டாவது. பன்னிரண்டு வயதில் பாதிப் பிள்ளைகள் பாலேயை விடுகிற அதே காரணத்துக்காக விட்டாள், இப்போது டிரம்ஸ் பைத்தியம். அந்தப் புது பாலே ஆசிரியையிடம் சேர்வதற்கு முன் ஒரு இலவச வகுப்பு கேட்டு வாங்கினோம், பெரும்பாலான பள்ளிகள் கொடுக்கும். நீங்களும் திங்கட்கிழமை போன் செய்து அதைக் கேளுங்கள், எழுதிய அந்த ஒரு பக்கத்தை வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். அன்று ஆசிரியை அவளிடம் எத்தனை முறை ஏதாவது திருத்தம் சொன்னார் என்று வீட்டுக்கு வந்து மகளிடமே கேளுங்கள்.